தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையிலும் அதைச் சுற்றியும் கொரோனா பரவிய 2020, 2021-ஆம் வருடங்களில் சென்னை மாநகராட்சி வேலை பார்த்த அக்கா, அண்ணன், தம்பி, தங்கை எல்லாருக்கும் வணக்கம்.

2020 மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாங்களும் மொட்டைமாடியில் நின்று கை தட்டினோம். பிள்ளைகள் தட்டும் கரண்டியும் எடுத்து வந்தார்கள். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் போய்ச் சேர வேண்டிய மரியாதைதான் அது. இந்த மடல், அந்த மாலைக்கு அப்புறம் மாதக்கணக்கில் எங்கள் சந்துக்குள் வந்து போனவர்களுக்கு. உங்களில் பாதிப் பேரின் முகத்தை நாங்கள் முழுசாகப் பார்த்ததே இல்லை. மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்துத்தான் அடையாளம்.

மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் டெல்லியிலிருந்து உத்தரவு வந்தது, கோட்டையிலிருந்து உத்தரவு வந்தது. யார் வெளியே போகலாம், எந்தக் கடை எத்தனை மணிவரை திறக்கலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஆனால் ஒரே அறையில் ஏழு பேர் குடியிருக்கிற வீட்டில் ஒருவருக்குத் தொற்று வந்தால் மீதி ஆறு பேர் எங்கே படுப்பார்கள், நாலு குடும்பத்துக்கு ஒரே கழிவறை இருக்கிற வீட்டில் தனிமைப்படுத்துவது எப்படி என்று எந்த உத்தரவிலும் எழுதியிருக்காது. அதற்கு வழி கண்டுபிடிக்கிற வேலை உங்கள் தலையில் விழுந்தது.

அதுவும் கவுன்சிலரே இல்லாத காலத்தில். இது பலருக்கு மறந்தே போயிருக்கும். 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் 200 வார்டுகளுக்கும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. எங்கள் பக்கத்தில் குழாயில் தண்ணி வரவில்லை, லைட் எரியவில்லை என்றால் ஜனங்கள் நேராகப் போய் நிற்பது கவுன்சிலர் வீட்டு வாசலில்தான். உரிமையோடு சத்தம் போடலாம், ஓட்டுக் கேட்டு வந்ததை ஞாபகப்படுத்தலாம். 2020-ல் அப்படி ஒரு வாசல் இல்லை. அதனால் பயமும் கோபமும் அழுகையும் வார்டு ஆபீஸ் ஆட்கள் மேலும், தெருவில் கண்ணில் பட்ட பணியாளர்கள் மேலும் வந்து விழுந்தன. எந்த முடிவையும் எடுக்கிற அதிகாரம் இல்லாதவர்கள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பொறுமைக்குத்தான் முதல் நன்றி.

முதல் ஊரடங்கு அறிவித்த மறுநாள் காலையிலும் குப்பை வண்டி வந்தது. பஸ் இல்லை, மின்சார ரயில் இல்லை. தூரத்திலிருந்து வருகிறவர்கள் விடியற்காலையில் எப்படி வந்து சேர்ந்தார்களோ, எங்கள் தெருவில் ஆறரை மணிக்கு விசில் சத்தம் கேட்டது. மே, ஜூன் மாதங்களில் சென்னையிலேயே அதிகத் தொற்று எங்கள் ராயபுரம் மண்டலத்தில்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் போனில் பேசும்போதே ஓர் அடி தள்ளி நிற்பதுபோல் பேசிய நாட்கள் அவை. அப்போதும் தொற்று வந்த வீட்டின் குப்பையைத் தனியாக மஞ்சள் பையில் வாங்கிக் கட்டி எடுத்துக்கொண்டு போன கைகள் உங்களுடையவை. பிளீச்சிங் பவுடர் தூவி, வாசல் வாசலாக மருந்தடித்து, அப்புறம் அந்த வெயிலில் அதே உடுப்போடு அடுத்த தெரு. எங்கள் தெருவைப் பெருக்கிய அக்கா ஒரு நாள் தண்ணீர் கேட்டுவிட்டு, "சொம்பு வேணாம்மா, என் பாட்டில்ல ஊத்திக் குடு, உனக்குத்தான் நல்லது" என்றார். ஊரே அவரைப் பார்த்து ஒதுங்கிய நேரத்தில் அவர் எங்கள் உடம்பைப் பற்றி யோசித்தார்.

தகரம் அடித்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் தொற்று என்றால் வாசலை அடைத்துத் தகரம், கதவில் ஒரு ஸ்டிக்கர். சில தெருக்களில் முனையையே அடைத்தார்கள். அடைத்தது சரியா என்று கேட்டால், இவ்வளவு நெருக்கமாக வாழ்கிற இடத்தில் ஒரு குடும்பத்தை ஊருக்கே அடையாளம் காட்டியது அவசியமில்லாத வேதனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர்களை அந்த வேதனையோடு சேர்த்துப் பார்க்க என்னால் முடியாது. மாநகராட்சி சேர்த்திருந்த தன்னார்வலர்களில் எங்கள் தெருவுக்கு வந்தது கல்லூரி முடித்த ஒரு தம்பி. காலையில் பால், காய்கறி. மாலையில் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு மெடிக்கலுக்கு ஓட்டம். சர்க்கரை வியாதிக்காரப் பாட்டி ஒருவருக்கு இன்சுலின் தீர்ந்துபோன அன்று, நாலு கடை ஏறி இறங்கி வாங்கி, ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டு வந்து தகரத்துக்கு மேலே நீட்டினார். பாட்டி இன்றைக்கும் அந்தத் தம்பியைப் பற்றிப் பேசுகிறார்.

தினமும் வீடு வீடாக வந்து "யாருக்காவது காய்ச்சல் இருக்கா, சளி இருக்கா, வாசனை தெரியுதா" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போன பெண்களுக்கும் நன்றி. ஒரே கேள்வியை ஒரே வாசலில் தினமும் கேட்பது எவ்வளவு அலுப்பான வேலை! சிலர் கதவைத் திறக்கவில்லை, சிலர் திட்டினார்கள், வேலை போய்விடுமே என்று பலர் காய்ச்சலை மறைத்தார்கள். நீங்கள் அடுத்த நாளும் வந்தீர்கள். தெருமுனைக் காய்ச்சல் முகாமில் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டி, எண் குறைவாகக் காட்டியதும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தீர்களே, அப்படிப் போய்த் திரும்பி வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே நடமாடுகிறார்கள்.

இனி, யாரும் கை தட்டாத ஒரு மேசையைப் பற்றி. பிறப்பு, இறப்புப் பதிவு.

2020 ஜூனில் எங்கள் மாமனார் வீட்டிலேயே காலமானார். இதய நோயாளி, தொற்று இல்லை. சென்னையில் ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு இருந்த சமயம். 20 பேருக்கு மேல் சாவுக்குக் கூடக்கூடாது. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் பதிவேட்டில் எழுதிய அண்ணன், அவ்வளவு நெருக்கடியிலும் அப்பா பெயர், வயது, விலாசம், நேரம் என்று ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டு எழுதினார். ஓர் எழுத்து தப்பானாலும் பின்னால் பென்ஷனுக்கு அலையணும்மா என்று அவரே சொன்னார். சானிடரி இன்ஸ்பெக்டர் போனிலேயே விவரம் சரிபார்த்தார். மாமியாருக்குக் குடும்ப ஓய்வூதியம் தடங்கல் இல்லாமல் வந்ததற்கு அந்த ஒரு தாள்தான் காரணம்.

எங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் நடந்த நன்மை என்றால் இதைப் பொதுவில் எழுதியிருக்க மாட்டேன். அதே ஜூனில், மாநில அரசு தினமும் வெளியிட்ட கொரோனா மரணக் கணக்கில் இல்லாத பல மரணங்கள் மாநகராட்சிப் பதிவேட்டில் இருப்பது வெளியே தெரிந்தது. சரிபார்க்கக் குழு போட்டார்கள். ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 மரணங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டன. யோசித்துப் பாருங்கள், சுடுகாட்டிலும் மண்டல ஆபீசிலும் ஒவ்வொரு பெயரையும் ஒழுங்காக எழுதி வைத்தவர்கள் இல்லையென்றால் எதை வைத்துச் சரிபார்த்திருப்பார்கள்? பின்னால் கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் என்று வந்தபோதும் எல்லாரும் தேடியது இறப்புச் சான்றிதழைத்தான். உயிரோடு இருந்தபோது எந்தப் பட்டியலிலும் பெரிதாக இடம்பெறாத எங்கள் பக்கத்து மனிதர்களை, இறந்த பிறகு காணாமல் போக விடாமல் காப்பாற்றினீர்கள். அந்த மேசைகளில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் மனசார நன்றி.

அதே பதிவேட்டின் இன்னொரு பக்கத்தில், எங்கள் எதிர்வீட்டில் பிறந்த பெண் குழந்தையின் பெயரும் இருக்கிறது. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அம்மா உணவகத்து அக்காக்களை மறக்க முடியாது. சுய உதவிக் குழுப் பெண்கள் நீங்கள்; உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஓட்டல் எல்லாம் மூடிக் கிடந்தபோது மூட்டை தூக்குகிறவர், ரிக்‌ஷாக்காரர், ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட வடநாட்டுப் பையன்கள் என்று வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. ஒரு ரூபாய் இட்லியை முழு ஊரடங்கு நாட்களில் காசே வாங்காமல் போட்டீர்கள். இன்னும் ரெண்டு வைக்கட்டுமா என்று கேட்டும் போட்டீர்கள். அதே மாதிரி, ஜூன் ஊரடங்கில் ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாயை வீட்டு வாசலிலேயே கொண்டு வந்து கொடுத்த ஊழியர்களுக்கும், கையைக் கழுவு கழுவு என்று ஊரே சொன்னபோது கழுவுவதற்குத் தண்ணீர் கொண்டு வந்த மெட்ரோ வாட்டர் லாரி ஓட்டுநர்களுக்கும் நன்றி. அதற்கு முந்தின வருடம்தான் புழல் ஏரி வறண்டு குடத்தோடு அலைந்தோம் என்பதால் அந்த லாரிச் சத்தத்தின் அருமை எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

2022 மார்ச்சில் மன்றம் திரும்பி வந்தது. திரு.வி.க. நகரிலிருந்து ஜெயித்த ஆர்.பிரியா மேயரானார். வடசென்னைப் பெண், சென்னையின் முதல் தலித் பெண் மேயர். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். இப்போது போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. ஆனால் அந்த வாசல் இல்லாத வருடங்களில் மாநகராட்சியை ஓட வைத்தவர்களின் நிலைமை என்ன? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், எங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள், நிரந்தரமாக்குங்கள் என்று மாநகராட்சித் தலைமை ஆபீசான ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் தெருக்களில் மஞ்சள் பை கட்டியவர்களும் இருந்தார்கள். நன்றி என்று எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பேரிடரில் வேண்டும், பேரிடர் முடிந்ததும் ஒப்பந்தம் என்பது நியாயமே இல்லை. உங்கள் கோரிக்கையில் நாங்கள் உங்கள் பக்கம்.

வேலையில் இருக்கும்போதே தொற்று வந்து இறந்த பணியாளர்களின் குடும்பத்தாருக்கு: உங்கள் வீட்டு மனிதர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து போனவர். அவர் செய்தது எங்களுக்குத் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது அந்தச் சமயத்தில் எங்கள் வார்டில் வேலை பார்த்திருந்தால், இந்தப் பக்கம் வரும்போது தெருமுனை டீக்கடையில் விசாரியுங்கள், வீட்டைக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இன்சுலின் வாங்கி வந்த தம்பி கட்டாயம் வரணும். பாட்டி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தார்