ஒரே சீட்டு, ஒரே விலை: வடசென்னை ஐஸ் ஆலை உரிமையாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ஜூன் 14 நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து காசிமேட்டிலிருந்து படகுகள் கிளம்பும் வேளையில் நீங்கள் ஒட்டிய ஐஸ் விலைச் சீட்டைப் பற்றித்தான் இந்த மடல். எல்லா ஆலையிலும் ஒரே விலை, ஒரே தேதி. 'உயர்வு' என்பதை 'உயற்வு' என்று எழுதிய பிழைகூட ஒன்றேதான்.

கரண்ட் பில் எல்லோருக்கும் ஏறியது என்பீர்கள். சரி. பக்கத்து ஆலைப் பலகையைப் பார்த்து நீங்களாகவே விலையை ஏற்றினால் குற்றமில்லை. விற்பவர் சிலரே, சரக்கிலும் வித்தியாசமில்லை என்றால் அப்படித்தான் நடக்கும். பதினோராம் வகுப்பில் இதைச் சில்லோர் முற்றுரிமை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் கூடி உட்கார்ந்து ஒரே சீட்டை அச்சடிப்பது வேறு. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் பிரிவு 3(3) தடுப்பது அதைத்தான். சங்கத் தீர்மானம் என்றாலும் தப்ப முடியாது.

விலையைவிட, நீங்கள் விற்கும் 50 கிலோ ஐஸ் கட்டியான 'பார்'தான் எங்களை வதைக்கிறது. உப்புநீர்த் தொட்டியில் நிற்கும் டின்னில் ஊற்றிய தண்ணீர் ஓரத்தில் முதலில் உறையும், நடு கடைசியில்தான். கூட்டம் முட்டும் நாளில் அவசரப்பட்டு டின்னைத் தூக்கினால் நடுவில் தண்ணீரே நிற்கும். ஐஸை உடைக்கும் க்ரஷரில் போட்டதும் அது ஓடிவிடும். காசு 50 கிலோவுக்கு. படகின் ஐஸ் அறையில் விழுவது அவ்வளவு இல்லை. நம் வெயிலுக்குக் கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் வேண்டும். பாதிக் கடலில் ஐஸ் தீர்ந்தால், முதல் வலையில் வந்த சங்கரா செவுள் வெளுத்து, வயிறு இளகித்தான் கரைக்கு வரும். ஏலத்தில் அதை யார் தொடுவார்? முழுப் பார் தரும் ஆலைக்கு வாடிக்கை ஓடும் என்ற பயம் இருந்தால் டின் நேரத்துக்கு முன்னால் எழும்பாது. பக்கத்து ஆலைக்காரரும் உங்கள் கூட்டில் இருக்கும்போது அந்தப் பயம் எங்கிருந்து வரும்?

மீன் விலையோ கூடைக்குக் கூடை, எல்லோர் கண்முன்னும் மாறுகிறது. ஐஸ் ஏறிவிட்டதென்று அங்கே ஒரு ரூபாய் கூடக் கேட்க எங்களுக்கு வழியில்லை. ஆகவே சீட்டைக் கிழியுங்கள். அவரவர் விலையை அவரவர் எழுதுங்கள்.

கூட்டு உடையாது என்று நம்புகிறீர்களா? அதே சட்டத்தின் பிரிவு 46ஐப் படியுங்கள். போட்டி ஆணையத்திடம் முதலில் போய் உள்ளதை உள்ளபடி சொல்பவருக்கு அபராதம் முழுவதும்கூடக் குறையலாம். மற்றவர்களுக்கு, கூட்டு நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தில் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 விழுக்காடு, எது அதிகமோ அதுவரை போகலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் டீ குடிக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்தருளுங்கள். கேட்பது இரண்டே: ஆலைக்கு ஆலை தனி விலைப் பலகை, க்ரஷர் வாயருகே ஒரு தராசு. அடுத்த நடைக்குள் செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காசிமேடு விசைப்படகுக்காரர்கள் சிலர்