தொட்டியை ஹாலுக்குள் கொண்டு வராதே

மக்களே,

நேற்று போனில் அழாக்குறையாகப் பேசினாய். தொட்டியில் நிற்கிற ஜப்பான் மேப்பிள் மரம் இலை உதிர்ந்து மொட்டையாகிவிட்டது, கனடாவின் ஒட்டாவா குளிரில் செத்துவிடும், ஹாலில் ஹீட்டர் பக்கத்தில் வைக்கப் போகிறேன் என்றாய். உன் அம்மையும் ‘வை, வை’ என்றாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் பேச்சைக் கேட்காதே.

நம் ரப்பர் தோட்டத்தை நினைத்துப் பார். இப்போது ஐப்பசி மழையில் பச்சையாக நிற்கிறது. மார்கழி, தையில் இலை செம்பு நிறமாகப் பழுத்து உதிர்ந்துவிடும். மரம் போச்சு என்று யாராவது கோடாலி எடுத்தோமா? உன் மேப்பிளுக்கும் உறக்கம்தான், அதற்கு மாதக்கணக்கில் குளிரும் வேண்டும். ஹால் சூட்டில் ஜனவரியிலேயே வெளிறிய தளிர் விட்டு, இருக்கிற சக்தியைத் தீர்த்துக்கொள்ளும்.

அதற்காக வெளியிலும் விட்டுவிடாதே. கிளை மைனஸ் 25 டிகிரியைத் தாங்கினாலும் வேர் தாங்காது. மைனஸ் 10 பக்கம் போனாலே வேர் சாகத் தொடங்கும். நிலத்தில் நிற்கிற மரத்துக்கு மண் போர்வை. தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர். ஹீட்டர் இல்லாத கார் ஷெட்டில் சுவரோரமாக வை. இலை இல்லாததால் வெளிச்சம் தேவையில்லை. மண் அடியோடு காயாமல் அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும். தண்டின் அடியைச் சுற்றிக் கம்பிவலை கட்டு, சுண்டெலி பட்டையைக் கொறிக்கும்.

மே மாதம் தளிர் விரிந்த பிறகும் அங்கே ஒரு ராத்திரி உறைபனி விழலாம், தளிர் கருகிவிடும். அந்த மாதிரி இரவில் மட்டும் திரும்ப ஷெட்டுக்குள் இழுத்து வை. அப்புறம் நிலத்தில் நடலாம். தென்னை மரத்தடியில் தேங்காய்த் தொண்டு, அதுதான் மட்டை, போடுகிற மாதிரி மரச்சீவல் மூன்று அங்குலம் போடு, பட்டையில் முட்டாமல்.

நீ அனுப்பிய படத்தில் தண்டின் அடியில் ஒரு முண்டு தெரிகிறதே, அதுதான் ஒட்டு, வேறொரு பச்சை மேப்பிளின் அடிமேல் உன் சிவப்பு மேப்பிளை ஒட்டின இடம். அதற்குக் கீழே பச்சை இலையோடு முளை வந்தால் உடனே கிள்ளி எறி. நான் முதன்முதலாக ரப்பர் ஒட்டுக்கன்று நட்ட வருஷம், ஒரு கன்று மட்டும் மளமளவென்று வளர்ந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். ஒருநாள் உன் தாத்தா குந்தி உட்கார்ந்து, கத்தி நுனியால் மண்ணை விலக்கிக் காட்டினார். ஒட்டின நல்ல ரகத்தின் கண் கருகிக் கிடந்தது, முளை அதற்குக் கீழேயிருந்து வந்திருந்தது. “லேய், நீ வளர்த்தது காட்டு ரப்பராக்கும்” என்றார். ஒரு வருஷ உரம் அதற்குப் போச்சு. மேப்பிளிலும் அப்படித்தான், மேலே குளிரில் பட்டுப்போய்க் கீழே தழைத்தால், நீ காசு கொடுத்து வாங்கிய சிவப்பு இருக்காது.

இன்றைக்கு அந்த முண்டுக்கு மேலே நகத்தால் லேசாகக் கீறிப் பார். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பு.

ஷெட்டில் தொட்டியை வைத்தால் காரை எங்கே நிறுத்துவாய் என்று அம்மை கேட்கிறாள்.

அப்பா
குலசேகரம்