இணையவழி அழைப்புகளில் மணியோசை கேட்காமை குறித்த புகார்

பெறுநர்:
தலைவர், தொழில்நுட்பச் சேவைப் பிரிவு

பொருள்: வெளி அழைப்புகளில் எதிர்முனையின் மணியோசை கேட்காதது, தீர்க்கப்படாமலே முடித்துவைக்கப்பட்ட புகாரை மீண்டும் திறக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் இணையவழித் தொலைபேசிச் சேவையை எங்கள் அலுவலகத்தில் பயன்படுத்தி வருகிறோம். சில காலமாக, கைப்பேசி எண்களுக்கு அழைக்கும்போது, எண்ணை அழுத்தியதிலிருந்து எதிர்முனையில் இருப்பவர் எடுக்கும் வரை ரிசீவரில் எந்த ஓசையும் கேட்பதில்லை. அவர் பக்கம் மணி ஒழுங்காக அடிக்கிறது. எடுத்துவிட்டால் பேச்சும் இருபுறமும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் லைன் கிடைக்கவில்லை என்று எண்ணி எங்கள் ஊழியர்கள் பாதியிலேயே துண்டித்துவிட்டு மறுபடி அழைக்கிறார்கள். அழைக்கப்பட்டவருடைய கைப்பேசியில் எங்கள் எண் மிஸ்டு காலாக அடுத்தடுத்துப் பதிவாகிறது. தொல்லை கொடுப்பதாக எங்களை பிளாக் செய்தவர்களும் உண்டு.

தங்கள் உதவி மையத்தினர் ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், செயலியை நீக்கி மறுபடி நிறுவச் சொன்னார்கள், கடைசியில் இணைய வேகம் போதவில்லை என்றார்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 100 கிலோபிட்டுக்கும் குறைவாகவே தேவைப்படுகிறது. பேச்சு சிக்கலின்றிப் போய்வரும் அதே இணைப்பில் மணியோசைக்கு மட்டும் வேகம் பற்றாமல் போகும் என்ற விளக்கத்தை எங்களால் ஏற்க இயலவில்லை.

எனவே வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் பதிவு மென்பொருள் மூலம் எங்கள் பக்கத்துப் போக்குவரத்தைப் பதிவுசெய்து பார்த்தோம். அழைப்புகளை ஏற்படுத்தும் நெறிமுறையான எஸ்.ஐ.பி. முறையில் எதிர்முனையில் மணி அடிப்பதாக 180 என்ற பதில் மட்டும் வந்தால், மணியோசையை எங்கள் போனே உண்டாக்கிக்கொள்கிறது, ஓசையை எந்த முகவரியில், எந்த வடிவில் பரிமாறுவது என்று கூறும் எஸ்.டி.பி. விவரங்களுடன் 183 என்ற இடைக்காலப் பதில் வந்தால், ஓசை தங்கள் பக்கத்திலிருந்து ஒலியைச் சுமக்கும் ஆர்.டி.பி. பாக்கெட்டுகளாக வரும் என்று நம்பி, தானாக எதையும் ஒலிக்காமல் காத்திருக்கிறது. கோளாறு உள்ள அழைப்புகள் அனைத்திலும் தங்கள் சர்வர் எஸ்.டி.பி.யுடன் 183 அனுப்புகிறது; அதன்பின் எதிர்முனையில் எடுத்துவிட்டதைக் கூறும் 200 ஓ.கே. வரும் வரை ஓர் ஆர்.டி.பி. பாக்கெட்கூட எங்களை வந்தடைவதில்லை, 180-உம் வருவதில்லை. தரைவழி எண்களை அழைக்கும்போதும் உள் எக்ஸ்டென்ஷன்களுக்கு இடையிலும் 180 வருகிறது, மணியோசையும் கேட்கிறது. ஆகவே போன்களில் பழுதில்லை.

பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிர உதவும் ரௌட்டரின் என்.ஏ.டி.க்குப் பின்னால் இருக்கும் போன் முதல் பாக்கெட்டை அனுப்பாதவரை எந்த முகவரிக்கு ஓசையை அனுப்புவது என்று ஓசையைக் கையாளும் மீடியா சர்வருக்குத் தெரியாமல் போகலாம் என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. ரௌட்டரில் எஸ்.ஐ.பி. செய்திகளின் முகவரிகளை மாற்றும் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. வசதியை நிறுத்தியும், ஒரு போனை என்.ஏ.டி. இல்லாமல் பொது ஐ.பி. முகவரியில் நேரடியாக இணைத்தும் பார்த்தோம், அதே மௌனம்தான். எனவே, கைப்பேசி நிறுவனத்தின் கேட்வேயிலிருந்து தங்கள் மீடியா சர்வருக்கு ஓசை வருகிறதா, வந்தும் அங்கேயே நின்றுவிடுகிறதா என்பதைத் தங்கள் பொறியாளர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தற்காலிக வழியாக, எண்ணை அழுத்தியதுமே போலி மணியோசையை ஒலிக்கும்படி எங்கள் அலுவலகத் தொலைபேசி இணைப்பகமான பி.பி.எக்ஸ்.ஸை மாற்றிக்கொள்ளுமாறு உதவி மையத்தினர் கூறினர். அதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அழைப்பு எங்கும் போய்ச் சேராத நேரத்திலும் மணி அடிப்பதாக அது காட்டும். கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டுள்ளது, எண் உபயோகத்தில் இல்லை என்பன போன்ற அறிவிப்புகளும் அந்தப் போலி ஓசையில் மறைந்துபோகும். இப்போதுள்ள மௌனமாவது எங்களிடம் பொய் சொல்வதில்லை.

இத்தனைக்கும் பிறகு, "அழைப்பு இணைகிறது" என்ற ஒற்றை வரியுடன் எங்கள் புகார் தீர்க்கப்பட்டதாக முடித்துவைக்கப்பட்டிருக்கிறது. பதிவுக் கோப்புகளை இணைத்து அனுப்பியிருந்தும், அவற்றை எவரும் திறந்து பார்த்ததற்கான அறிகுறி அந்தப் பதிலில் இல்லை.

ஆகவே, புகாரை மீண்டும் திறந்து, எஸ்.ஐ.பி. பதிவுகளைப் படிக்கத் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். 183 அனுப்பினால் அதனுடன் ஓசையும் வரவேண்டும். ஓசையை அனுப்ப இயலாதெனில், எதிர்முனையில் உண்மையாகவே மணி அடிக்கும்போது எஸ்.டி.பி. இல்லாத 180-ஐ மட்டும் அனுப்பினால் போதும், மீதியை எங்கள் போன்கள் பார்த்துக்கொள்ளும். இக்கடிதம் கிடைத்த ஒரு வாரத்திற்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். சரிசெய்ய இயலாதெனில், முன்கூட்டியே விலகுவதற்கான கட்டணம் எதுவுமின்றி ஒப்பந்தத்திலிருந்து எங்களை விடுவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கோளாறு உள்ள அழைப்பு, கோளாறற்ற அழைப்பு ஆகியவற்றின் பதிவுக் கோப்புகள்