செயலாளரின் ஆண்டறிக்கை: கிளினிக்குகளுக்கிடையே பல் எக்ஸ்ரே படப் பரிமாற்றம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள பல் மருத்துவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான கூட்டங்கள் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் உறுப்பினர்களுக்கு உடனுக்குடன் அனுப்பப்பட்டுள்ளன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே, சென்ற பொதுக்குழு செயற்குழுவிடம் ஒப்படைத்த பணியான, டிஜிட்டல் எக்ஸ்ரே படங்களைப் பொதுத் தரத்தில் பரிமாறிக்கொள்ளும் முயற்சியைப் பற்றி மட்டும் இவ்வறிக்கையில் விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறேன்.

படம் எடுக்கும் வசதிக்கு நம்மிடையே குறைவில்லை. 1987-இல் பிரான்சில், ஃபிலிமுக்குப் பதில் சென்சாரால் பல்லைப் படமெடுக்கும் முதல் ஆர்விஜி கருவி வெளிவந்தபோது அரிதாக இருந்த டிஜிட்டல் எக்ஸ்ரே, இன்று சிறிய கிளினிக்கிலும் அன்றாடக் கருவியாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் மென்பொருளும் படத்தைத் தன் சொந்தத் தரவுத்தளத்தில், பெரும்பாலும் தனக்கு மட்டுமே புரியும் வடிவில் சேமிக்கிறது. நோயாளியை வேறொரு மருத்துவரிடம் அனுப்பும் வேளையில்தான் இந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிகிறது. அவசரத்தில் நாம் செய்வது என்ன? கணினித் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிவிடுகிறோம்.

அப்படி அனுப்பப்பட்ட ஒரு படத்தை நம் உறுப்பினர் ஒருவர் செயற்குழுவின் பார்வைக்குக் கொண்டுவந்தார். வேர் சிகிச்சைக்காக அவரிடம் அனுப்பப்பட்ட ஒரு நோயாளியின் படம் அது. படத்தின் ஒரு மூலையில் குழல்விளக்கின் பிரதிபலிப்பு வேர்நுனியை மறைத்திருந்தது. பெயர், தேதி எதுவும் இல்லை. உடன் வந்த சீட்டில் ‘பல் 18’ என்று இருந்தது. பல்லை இரண்டு இலக்கங்களால் குறிக்கும், நாம் பழகிய எஃப்டிஐ முறையில் 18 என்பது மேல்தாடையின் வலது ஞானப்பல். படத்தில் தெரிந்ததோ கீழ்க்கடைவாய்ப் பல். அனுப்பிய கிளினிக்கின் மென்பொருள், 1 முதல் 32 வரை தொடர்ச்சியாக எண்ணும் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தது; அந்த முறையில் 18 என்பது கீழ்த்தாடையின் இடது இரண்டாம் கடைவாய்ப் பல், அதாவது நம் கணக்கில் 37. பழைய ஃபிலிமில் இருந்த மேட்டுப்புள்ளி இடம் வலத்தைக் காட்டிக்கொடுக்கும். கைப்பேசிப் படத்தில் அதற்கும் வழியில்லை. முடிவில் நோயாளிக்கு இன்னொரு முறை எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. கதிர்வீச்சின் அளவு சிறிதுதான் என்றாலும், தேவையற்ற கதிர்வீச்சுக்கு அளவைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியாது.

இதற்கான தீர்வை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியும் மின்கருவி உற்பத்தியாளர் சங்கமும் 1983-இல் கூட்டுக்குழு அமைத்து, மருத்துவப் படங்களைப் பரிமாறிக்கொள்வதற்கான பொதுத் தரத்தின் முதல் பதிப்பை 1985-இல் வெளியிட்டன. அதுவே 1993-இல் டைகாம் என்ற பெயரில் இன்றைய வடிவை எட்டி, பின்னர் ஐஎஸ்ஓ 12052 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. பல் மருத்துவத்துக்கென அதில் தனிப் பணிக்குழு இயங்குகிறது. வாய்க்குள் எடுக்கும் படத்திற்குத் தனி வகையே வகுக்கப்பட்டுள்ளது. டைகாம் கோப்பில் படத்தோடு நோயாளியின் பெயர், அடையாள எண், எடுத்த நாள், கருவி, எந்தப் பக்கம், ஒரு பிக்சலின் அளவு எத்தனை மில்லிமீட்டர் என்பன யாவும் ஒரே கட்டாகப் பயணிக்கின்றன. எந்தப் பல் என்பதைக் குறியீடாகப் பதியவும் இடமுண்டு.

இதை ஏட்டளவில் விடாமல், வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை வைத்திருக்கும் சில உறுப்பினர்களைக் கொண்டு சோதித்தோம். பிடுங்கிய பல்லொன்றின் வேர்க்குழாயில் நீளம் தெரிந்த ஃபைல் (வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் மெல்லிய ஊசி போன்ற கருவி) ஒன்றைச் செருகிப் படமெடுத்து, அதே படத்தை டைகாமாகவும், சாதாரணப் புகைப்பட வடிவமான ஜேபெக்காகவும் வெளியேற்றி வேறொரு மென்பொருளில் திறந்தோம். டைகாம் கோப்பில் அளவுகோல் மில்லிமீட்டரில் விடை தந்தது. ஜேபெக்கில் அதே அளவுகோல் பிக்சல் எண்ணிக்கையைத்தான் காட்டியது. வேர் சிகிச்சை செய்பவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. (கோப்பில் இருப்பது சென்சார் தளத்தின் அளவு, படம் கோணலாக எடுக்கப்பட்டிருந்தால் டைகாமும் அதைச் சரிசெய்யாது என்பதை இளைய உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.) கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான சாம்பல் நிறப் படிநிலைகளிலும் வேறுபாடு உண்டு. 12 பிட் படத்தில் 4,096 படிநிலைகள் வரை இருக்கலாம். வழக்கமான ஜேபெக்கில் 256 மட்டுமே. அனுப்பியவர் தம் கண்ணுக்கு ஏற்ற வெளிச்சத்தில் நிறுத்தியதை, பெறுபவர் மாற்றிப் பார்க்க இடம் மிகக் குறைவு.

டைகாம் என்ற பெயர் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணியவர்களுக்கு இச்சோதனை சில பாடங்களைத் தந்தது. தமிழில் பதிந்த நோயாளிப் பெயர்கள், எழுத்துக் குறியாக்கம் கோப்பில் அறிவிக்கப்படாத இடங்களில் வெறும் கேள்விக்குறிகளாக வந்து சேர்ந்தன. சில மென்பொருள்கள் பக்கத்தைக் குறிக்கும் புலத்தைக் காலியாகவே விட்டிருந்தன. ஒரு மென்பொருள், ஏற்றுமதி செய்யும் ஒவ்வொரு முறையும் படத்துக்குப் புதிய அடையாள எண்ணை வழங்கியதால், பெற்ற இடத்தில் ஒரே படம் இரண்டு படங்களாகப் பதிவாயிற்று. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் கோப்புகள் நூற்றுக்கணக்கான துண்டுகளாக வருவதால், ஒரு கோப்புறையை முழுமையாக அனுப்பாமல் பாதியை அனுப்பிய நிகழ்வும் உண்டு. இவற்றில் பல, அமைப்புகளைத் திருத்தினாலே தீரக்கூடியவை.

நோயாளியின் தனியுரிமை குறித்து ஒரு சொல். கோப்புக்குள் பெயரும் பிறந்த தேதியும் இருப்பதால், படிப்பு வட்டங்களில் பகிரும் முன் அவற்றை நீக்க வேண்டும். அதற்கான நெறிகளை டைகாமின் 15-ஆம் பகுதி வகுத்துள்ளது. படத்தின் மேலேயே எழுத்தாகப் பதிந்துவிட்ட பெயர் இந்த நீக்கத்தில் தப்பிவிடலாம் என்பதால், அனுப்பும் முன் படத்தையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கருவி வாங்குவோர் கவனத்திற்கு: விற்பனைப் பிரதிநிதி ‘டைகாம் உண்டு’ என்று சொல்வதோடு நிறைவடையாதீர்கள். அந்தக் கருவியின் டைகாம் இணக்க அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். அனுப்புவது மட்டுமா, பெறுவதும் தேடுவதும் உண்டா, ஏற்றுமதி வசதிக்குத் தனி உரிமக் கட்டணம் உண்டா என்பவற்றை ஒப்பந்தத்திற்கு முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டிய பின் கேட்கும் கேள்விக்கு எங்கும் மரியாதை குறைவு.

இவற்றின் அடிப்படையில் செயற்குழு ஒரு தீர்மானத்தைப் பரிந்துரைக்கிறது. பிற மருத்துவருக்கு அனுப்பும் எக்ஸ்ரே படங்களை உறுப்பினர்கள் டைகாம் கோப்பாக அனுப்ப வேண்டும்; அது இயலாத கருவி வைத்திருப்போர், மென்பொருளிலிருந்தே நேரடியாக எடுத்த, சுருக்கப்படாத படத்தோடு பெயர், தேதி, பக்கம் ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டும்; பல் எண்ணை எஃப்டிஐ முறையில் எழுதி, ‘கீழ் இடது இரண்டாம் கடைவாய்’ என்பது போலச் சொல்லிலும் குறிப்பிட வேண்டும். திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பும் வழக்கம் நம் சங்க உறுப்பினர்களிடையே கைவிடப்பட வேண்டும்.

கருவி அமைப்புகளைத் திருத்த உதவி தேவைப்படும் உறுப்பினர்கள், சோதனையில் பங்கேற்றவர்களைச் செயலாளர் வழியாக அணுகலாம். மேற்கண்ட தீர்மானத்தைப் பொதுக்குழுவின் விவாதத்திற்கும் வாக்கெடுப்பிற்கும் முன்வைக்கிறேன்.

செயலாளர்