வேப்பிலையால் தீராத பயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2004 டிசம்பர் 26 சுனாமியில் மகனைப் பறிகொடுத்த என் அண்ணி, லாரி இரைந்தாலே அலை வருகிறதென்று வாசலுக்கு ஓடுவார். காத்துக் கருப்பு என்று நாங்கள் வேப்பிலை அடித்தோம். அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் என்று தெரிய எங்களுக்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

நடந்தது மீண்டும் கண்முன் நடப்பதுபோல் தோன்றுவதும், கெட்ட கனவும், அந்த இடத்தையே தவிர்ப்பதும், சிறு சத்தத்துக்குத் திடுக்கிடுவதும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தூக்க மாத்திரை மட்டும் போதாது. பயிற்சி பெற்றவர் துணையோடு அந்த நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் பேச்சு சிகிச்சையே இதற்கு முதன்மையானது. சிலருக்கு மனச்சோர்வுக்கான மருந்துகளும் உதவும். அவ்வளவு தாமதமாகத் தொடங்கியும் அண்ணி இப்போது இரவில் தூங்குகிறார். சென்ற மாதம் கடற்கரை வரை நடந்து வந்தார்.

'மறந்துவிடு' என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்குத்தான் அவர் அதிகம் அழுதார்.

14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை மீன் இறங்குதளங்களிலும் ரேஷன் கடைகளிலும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
நாகப்பட்டினம்.