பாதாம் மா என்று விற்கப்பட்ட மரவள்ளி மா தொடர்பான முறைப்பாடு

காரைதீவு,
அம்பாறை மாவட்டம்.

முகாமைத்துவப் பணிப்பாளர் அவர்கட்கு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: மட்டக்களப்புக் கிளையில் வாங்கிய பாதாம் மாவும், அது பற்றி முறையிட்டபோது நான் நடத்தப்பட்ட விதமும்

தங்கள் மட்டக்களப்புக் கிளையில் காபோவைதரேற்றுக் குறைந்த உணவுகளுக்கென்று ஒதுக்கப்பட்ட தட்டிலிருந்து நான் வாங்கிய பாதாம் மா, பாதாம் மா அல்ல என்பதையும், இதைக் கிளையிலும் தொலைபேசியிலும் சொல்லிச் சொல்லிக் களைத்த பின்னரே தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன் என்பதையும் முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். எந்த மா என்று நான் விளக்கத் தேவையில்லை. தங்கள் சொந்த இலச்சினையுடன் பச்சைக் கடதாசிப் பொதியில் வருவதும், பின்புறம் வெள்ளைச் சீட்டு ஒட்டப்பட்டதுமான அந்த மாவில் என்ன இருக்கிறது என்பது என்னைவிடத் தங்களுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தச் சீட்டை ஒட்டினீர்களா என்பதே என் முதல் கேள்வி.

என் கணவர் நீண்டகாலமாகச் சலரோகத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்து எடுப்பவர். மூன்று மாத காலக் குருதிக் குளுக்கோசின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை, சோற்றை அளந்து போட்டும், மீனையும் முட்டையையும் கீரையையும் கூட்டியும், தேநீரில் சீனியை அடியோடு நிறுத்தியும் மிகுந்த பாடுபட்டுக் கீழே கொண்டுவந்திருந்தோம். அவரால் விடமுடியாமல் இருந்தது இரவு ரொட்டி ஒன்றுதான். நூறு கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 75 கிராம் காபோவைதரேற்று இருக்கும். நூறு கிராம் பாதாம் மாவிலோ ஏறத்தாழ 20 கிராம்தான், அதிலும் பாதியளவு செரிமானமாகாத நார்ப்பொருள். எனவே பாதாம் மாவில் ரொட்டி சுட்டுக் கொடுத்தால் அவருடைய ஆசையும் தீரும், குருதியில் சீனியும் ஏறாது என்று நினைத்து, கோதுமை மாவின் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து, காரைதீவிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வந்து தங்கள் கடையில் வாங்கினேன். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கடைகள் இல்லாமல் அல்ல. இயற்கை உணவுக்கென்றே நடத்தப்படும் கடை, குளிரூட்டப்பட்ட கடை, ஒவ்வொரு பொருளிலும் போசணை விபரம் ஒட்டி வைத்திருக்கும் கடை என்பதால்தான் அங்கே வந்தேன்.

அந்த மாவில் ரொட்டி சாப்பிடத் தொடங்கிய பின்னர் அவருடைய குளுக்கோமானி காட்டிய எண்கள் எனக்கு விளங்கவில்லை. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் குருதிச் சீனி டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். 250ஐயும் தாண்டி நின்றது. சோற்றை இன்னும் குறைத்தோம், பழத்தை நிறுத்தினோம், மாலையில் கடற்கரையோரம் நடக்க வைத்தேன். எண் இறங்கவில்லை. களவாக ஏதோ சாப்பிடுகிறார் என்று அவரோடு நான் கடிந்து பேசும் நிலை கூட வந்தது. இந்த வயதில் அந்த மனிதர் என் முன்னால் தலை குனிந்து, தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்ல நேர்ந்ததற்குத் தங்கள் நிறுவனம்தான் காரணம்.

நான் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை. அந்த மாவில் ஒரு கரண்டியை எடுத்துத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிளறினேன். கொதி வருவதற்குள் அது இறுகி, வெண்மை மாறி, ஒளி ஊடுருவும் பசையாகக் கரண்டியோடு எழும்பியது; முன்பு வேட்டிக்கும் சேலைக்கும் போடக் காய்ச்சும் கஞ்சி எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பாதாம் மா அப்படி ஆகாது. அதில் பாதிக்குப் பாதி எண்ணெய். கொதிக்க வைத்தால் மேலே எண்ணெய் மிதக்கும், அடியில் துகள் தங்கும். தங்கள் மாவைக் கடதாசியில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன்; எண்ணெய்க் கறை படியவில்லை. பாமசியில் அயடீன் வாங்கி வந்து, முழுப் பாதாமை நானே இடித்து ஒரு தட்டிலும், தங்கள் மாவை இன்னொரு தட்டிலும் வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு துளி விட்டேன். நான் இடித்த பாதாமில் அயடீன் தன் கபில நிறத்திலேயே நின்றது. தங்கள் மா அந்தக் கணமே கருநீலமாகிவிட்டது. மாப்பொருளுக்குரிய சோதனை என்று எங்கள் பாடசாலைகளில் பிள்ளைகளே செய்து பார்க்கும் சோதனை அது. தங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இதைச் செய்து பார்க்க ஒருவரும் இல்லையா?

அதன் பின்னர்தான் வெள்ளைச் சீட்டைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து உரித்தேன். அதன் கீழே ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்த உள்ளடக்கப் பட்டியலில் முதலாவது மரவள்ளி மாப்பொருள், இரண்டாவது அரிசி மா, கடைசியில்தான் பாதாம். உள்ளடக்கங்களை நிறையின் இறங்குவரிசையில் எழுதுவது உலக வழக்கம் என்பதைத் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மரவள்ளி மாப்பொருளில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் காபோவைதரேற்று. கோதுமை மாவைவிட அதிகம். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இல்லாத கலவையாக, அது ஒவ்வாதவர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட ஒன்றை, மேலே ஒரு சீட்டை ஒட்டிச் சலரோகக்காரருக்கு விற்றிருக்கிறீர்கள்.

அந்தச் சீட்டையாவது சரியாக எழுதினீர்களா என்றால் அதுவும் இல்லை. நூறு கிராமுக்குக் காபோவைதரேற்று 9 கிராம், புரதம் 2 கிராம், கொழுப்பு 1 கிராம், சக்தி 350 கிலோகலோரி என்று அதில் உள்ளது. காபோவைதரேற்றும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்பு 9 என்று வைத்துக் கூட்டினால் 53தான் வருகிறது. மிகுதி ஏறத்தாழ 300 கிலோகலோரி எங்கிருந்து வந்தது? கொழுப்பு 1 கிராம் மட்டுமே உள்ள பாதாம் உலகில் எங்கே விளைகிறது? இந்தச் சீட்டை எழுதியவரும், சரிபார்த்தவரும், ஒட்டியவரும், தட்டில் அடுக்கியவரும் ஒரு தடவையாவது இதை வாசித்திருந்தால் நான் இக்கடிதத்தை எழுத வேண்டி வந்திராது.

இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளைக்குச் சென்றபோது வாடிக்கையாளர் சேவை மேசையில் இருந்த இளைஞர் நடந்துகொண்ட விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. நான் பொதியை மேசையில் வைத்து விடயத்தைச் சொல்லி முடிப்பதற்கு முன்னரே, கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “வாங்கக்குள்ள பாத்து வாங்கியிருக்கணும் அன்ரி, திறந்த சாமான நாங்க திருப்பி எடுக்கிறல்ல” என்றார். மாவைத் திறக்காமல் அது என்ன மா என்று எப்படி அறிவது என்று கேட்டேன். பொதியின் முகப்பில் சீனிக்கென்று இடப்பட்டிருந்த பச்சை வட்டத்தை விரலால் தட்டிக் காட்டி, “பச்சை போட்டிருக்குத்தானே, பிறகென்ன?” என்றார். அந்த நிறக்குறி சீனியின் அளவை மாத்திரமே காட்டும், மாப்பொருளைக் காட்டாது, மாப்பொருள் உடலுக்குள் போய் குளுக்கோசாகத்தான் மாறும் என்று பொறுமையாக விளக்கினேன். அதற்கு அவர், பின்னால் நின்ற வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் கேட்கும்படி, “கூகிள்ல பாத்துட்டு வந்து எங்களுக்குப் படிப்பிக்க வராதீங்க அன்ரி” என்றார். வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் நின்ற எனக்கு ஒரு மாணவனும் அப்படிச் சொன்னதில்லை. பின்னால் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். நான் கண்ணீரை அடக்கிக்கொண்டு பொதியைப் பைக்குள் வைத்து வெளியே வந்தேன்.

தங்கள் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால், எண்களை அழுத்தி அழுத்தி ஓர் ஆளைப் பிடிப்பதற்குள் கைத்தொலைபேசியில் காசு முடிந்துவிடுகிறது. பிடித்தவரும் இது கிளையின் பொறுப்பு என்கிறார். கிளையைக் கேட்டால் கொழும்பின் பொறுப்பு என்கிறார்கள். மின்னஞ்சலுக்குத் தன்னியக்கப் பதில் வந்தது, அதன் பின் ஒன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய படங்கள் பார்க்கப்பட்டிருப்பது தெரிகிறது. கடைசியில் ஒருவர் மரியாதையாகப் பேசி, பிராந்திய முகாமையாளர் குறிப்பிட்ட நாளில் காலை பத்து மணிக்குக் கிளையில் இருப்பார், பொதியோடு வாருங்கள், அன்றே தீர்த்துவைப்போம் என்று உறுதி தந்தார். அவரை நம்பினேன்.

அன்று மாரி மழை. களுவாஞ்சிகுடிக்கு அப்பால் வீதியில் தண்ணீர் நின்றதால் பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் வந்தது. கல்லடிப் பாலத்தைக் கடந்து, நனைந்த சேலையோடு பத்து மணிக்கு முன்னரே நான் தங்கள் வாசலில் நின்றேன். முகாமையாளர் வரவில்லை. வருவார் என்றார்கள், வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள், பிற்பகலில்தான் அவர் முதல் நாளே கொழும்புக்குப் போய்விட்டார் என்று ஒரு காசாளர்ப் பிள்ளை மனம் பொறுக்காமல் என்னிடம் வந்து சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு நன்றி. அவள் மாத்திரமே எனக்கு இருக்க ஒரு கதிரை தந்தாள். அவளுக்கு இக்கடிதத்தால் எந்தக் கெடுதியும் வரக்கூடாது. வெளியேறும்போது அதே இளைஞர், அடுத்த கொள்வனவில் பயன்படுத்தும்படி ஒரு சலுகைச் சீட்டை நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. பொய்ச் சீட்டு ஒட்டிய கடையில் அடுத்து எதை வாங்குவது?

காத்திருந்த அந்த நேரத்தில் தங்கள் தட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். ‘நீரிழிவுக்கு உகந்தவை’ என்ற பலகையின் கீழ் தேன், கித்துள் பாணி, தென்னஞ்சீனி ஆகியன அடுக்கப்பட்டிருந்தன. தேனில் நூறு கிராமுக்கு எண்பது கிராமுக்கு மேல் சீனி. தென்னஞ்சீனியில் பெரும்பகுதி சுக்குரோசுதான். சாதாரண சீனியும் அதுவே. ஸ்ரீவியா என்ற செடியின் இனிப்பு என்று விற்கும் சிறு பொதிகளில் முதல் உள்ளடக்கம் மோல்ற்றோடெக்ஸ்றின். அது குருதிச் சீனியை மிக வேகமாக ஏற்றும் பொருள். இயற்கையானது என்பதும் சலரோகத்துக்கு ஏற்றது என்பதும் ஒன்றல்ல என்பதை இயற்கை உணவு விற்பவர்கள் அறியாமல் இருக்க முடியாது. அந்தப் பலகையை நம்பி எத்தனை வீடுகளில் தேனை அள்ளி ஊற்றுகிறார்களோ என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. பலகையை அன்றே அகற்றும்படி சொன்னேன். அதுவும் கொழும்பு சொல்ல வேண்டுமாம்.

இதனால் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பைப் பணத்தில் சொல்ல முடியாது. இவ்வளவு காலம் பாடுபட்டுக் கட்டிய ஆரோக்கியம் முழுவதும் ஒரு பொதி மாவால் இடிந்து போனது. வைத்தியர் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார். என் கணவர் இப்போது எதைச் சாப்பிடவும் பயப்படுகிறார். நல்ல மீன்குழம்பைக் கண்டாலும் இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கிறார். எங்கள் வீட்டின் நிம்மதியே போய்விட்டது. அவருடைய கண்ணுக்கோ சிறுநீரகத்துக்கோ ஏதும் நேர்ந்தால் அதற்குத் தாங்களே பொறுப்பு என்று நான் எழுத்தில் பதிவுசெய்கிறேன். இவ்வளவுக்கும் பிறகு, “படிப்பிக்க வராதீங்க” என்ற அந்தச் சொல் இரவில் என் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இருந்தும், தங்கள் நிறுவனத்தில் நேர்மையானவர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் இப்போதும் பணிவாகவே கேட்கிறேன். நான் வாங்கிய பொதிகளின் விலையை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். அந்தத் தொகுதி மாவை எல்லாக் கிளைகளிலிருந்தும் அகற்றி, வாங்கியவர்களுக்குப் பகிரங்கமாக அறிவியுங்கள். எனக்கு வரவேண்டிய பணத்தைவிட இதுவே எனக்கு முக்கியம். நீரிழிவு என்ற பெயரைச் சொல்லும் அந்தப் பலகையைக் கழற்றுங்கள். அந்த இளைஞர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடிதத்தில் அல்ல, அதே மேசையில், மற்றவர்கள் நிற்கும்போது.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் தமிழில், எழுத்தில், பொறுப்பான ஒருவரின் கையொப்பத்துடன் பதில் வராவிட்டால் நான் பொறுத்திருக்க மாட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை 30ஆம் பிரிவில் தடைசெய்கிறது. விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதையும் அறிந்தே நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். என்னை அலைக்கழித்து அந்தக் காலத்தைக் கடத்திவிடலாம் என்று எவரேனும் நினைத்திருந்தால் அது நடக்காது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் செல்வேன்.

திறக்காத ஒரு பொதியும், பாதி தீர்ந்த பொதியும், உரித்தெடுத்த சீட்டும், பற்றுச்சீட்டுகளும் என்னிடம் பத்திரமாக உள்ளன. அவற்றின் படங்களையும் கிளினிக் கொப்பியின் பிரதியையும் இத்துடன் இணைத்துள்ளேன்; மூலப்பிரதி எதையும் தங்கள் கிளையில் ஒப்படைக்க மாட்டேன். பார்க்க வேண்டுமாயின் பிராந்திய முகாமையாளர் காரைதீவுக்கு வரலாம். வருவதற்கு முன்னர் தொலைபேசியில் அறிவித்தால் நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை,
காரைதீவு.