பிரம்பைக் கீழே வைத்த பெற்றோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2019 செப்டம்பர் 18 அன்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பற்றிச் சபைகளில் இன்னும் குழப்பம் இருக்கிறது. 'பிள்ளையை அளவோடுதான் அடித்துக் கண்டித்தேன்' என்று சொல்லி வழக்கிலிருந்து விடுபட பெற்றோருக்கு இருந்த பழைய பாதுகாப்பு அன்றோடு போயிற்று. அதைக் காப்பாற்ற மேல்முறையீடு செய்தது ஒரு கிறிஸ்தவ அமைப்பு. தீர்ப்பை எழுதிய அன்றைய தலைமை நீதிபதி மொகோயெங் மொகோயெங்கும் ஊக்கமான விசுவாசி. பள்ளிக்கூடப் பிரம்பை 1996-ஆம் ஆண்டுச் சட்டமே எடுத்துவிட்டது. ஆனாலும் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் ஞாயிறு பள்ளி நடத்தும் எங்களிடம் பெற்றோர் கேட்கிறார்கள்: "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று வேதத்தில் இருக்கிறதே, நாங்கள் என்ன செய்ய?"

அந்த வசனத்தை, நீதிமொழிகள் 13:24-ஐ, மறைக்க வேண்டாம். அடங்காத மகனைக் கல்லெறியச் சொல்லும் உபாகமம் 21-உம் அதே வேதத்தில்தான் இருக்கிறது, அதை எந்தச் சபையும் இன்று கைக்கொள்வதில்லை. பவுல் எபேசியர் 6:4, கொலோசெயர் 3:21 இரண்டிலும் தகப்பன்மாருக்கு முதலில் சொல்வது, பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்பதே. சிட்சை, அதாவது கண்டித்துத் திருத்துவது, வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டு பேச்சில்லை. அடித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைக்கு வலி நினைவிருக்கும், செய்த தப்பு மறந்துபோகும், அடுத்த முறை ஒளித்துச் செய்யும். வேதம் சொல்லும் சிட்சைக்கு நேரம் செலவாகும்.

தங்கையின் பென்சில் பெட்டியை அண்ணன் உடைத்துவிட்டு, "நான் இல்லை" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குரல் ஏறினால் அடுத்த அறைக்குப் போய்க் கர்த்தருடைய ஜெபத்தை ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். "எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரி வரும்போது கை தானாகத் தாழும். திரும்பி வந்து, "என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் சாக்கும் பொய்யும்தான் வரும். குறுக்கே பேசாமல் முழுதும் கேளுங்கள். பிறகு ஈடு: வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகச் சொன்னான், பையனுக்கு ஒரு மடங்கு போதும். தன் கைச்செலவுக் காசில் பெட்டி வாங்கித் தரட்டும், காசு இல்லையென்றால் ஒரு வாரம் தங்கையின் வேலையைச் செய்யட்டும். பொய் சொன்னதைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். இரண்டையும் சேர்த்துத் திட்டினால் எதற்குத் திட்டு என்றே அவனுக்குப் புரியாது. சூரியன் அஸ்தமிக்குமுன் அணைத்துக்கொண்டு முடித்துவிடுங்கள். மறுநாள் பாட்டியிடமோ விருந்தாளியிடமோ அந்தக் கதையை எடுக்கவே கூடாது. மன்னிப்பு என்று நீங்கள் சொன்னதை அங்கேதான் பிள்ளை சோதித்துப் பார்க்கும்.

நீங்கள் கத்திவிட்டால் நீங்களும் மன்னிப்புக் கேளுங்கள். "கத்தினது தப்பு, மன்னிச்சிடு கண்ணு" என்பதோடு நிறுத்துங்கள். "ஆனா நீ அப்படிச் செய்ததாலதான்" என்று தொடர்ந்தால் கேட்ட மன்னிப்பு வீண்.

குடும்ப ஜெபம் பல வீடுகளில் நின்றுபோவதற்குக் காரணம் அவிசுவாசம் என்று போதகர்கள் வருந்துகிறார்கள். நாங்கள் பார்த்தவரை நேரமும் நீளமும்தான் காரணம். இரவு ஒன்பதரைக்குத் தூங்கி வழியும் பிள்ளையை உட்காரவைத்து ஒரு முழு அதிகாரம் வாசித்தால் அது தண்டனையாகிவிடும். சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். தமிழ்ப் பாட்டு ஒரு சரணம், ஆறு வசனம், ஒரே ஒரு கேள்வி, பிள்ளையின் சொந்த வார்த்தையில் ஒரு வரி ஜெபம். பிள்ளை ஆங்கிலத்தில் ஜெபித்தால் திருத்தாதீர்கள். மாற்கு சுவிசேஷத்தில் 678 வசனம். நாளுக்கு ஆறு என்றால் 113 நாளில் முடியும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் பன்னிரண்டு வாசிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போங்கள்.

இதைக் கெடுப்பவையும் உண்டு. "இயேசப்பா அடிப்பார்" என்று மிரட்டினால் பிள்ளை அவரிடம் எப்படி ஓடிவரும்? தண்டனையாக வசனம் எழுதச் சொன்னால் அந்த வசனமே கசந்துபோகும். இவற்றைவிட மோசம், "ஆண்டவரே, இவன் பொய் சொல்கிறான், இவனை மாற்றும்" என்று பிள்ளையின் எதிரிலேயே ஜெபிப்பது. திருப்பிப் பேச முடியாத இடத்தில் நிறுத்தித் திட்டுவது அது. அவனுக்காகத் தனியே அழுது ஜெபியுங்கள். அவன் எதிரில் அவனுக்காக நன்றி சொல்லுங்கள்.

சபைப் போதகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறு பள்ளி நடக்கும் அந்த ஒரு மணி நேரம் பெற்றோர் பலர் காரில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிறு அவர்களை உள்ளே அழைத்து, மேலே சொன்னவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசி, இரண்டிரண்டு பேராகப் பழகிப் பார்க்கச் செய்யுங்கள். தகப்பன்மாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பொதுவாக அறிவித்தால் தாய்மார் மட்டுமே வருவார்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.